மருந்துக்கடைத் தங்கச்சி தராத ஊசி

மருந்துக்கடைத் தங்கச்சிக்கு நான் நாலு ஊசியின் விலை பாக்கி. நாலாம் வகுப்போடு நின்று, மூன்று லாரிக்கு முதலாளியானவன் நான். அந்த மரியாதைக்காக அவள் பாக்கியை வாய் திறந்து கேட்டதில்லை. பசியைக் குறைத்து எடையை இறக்கும் வாராந்திர ஊசி அது. வெளியூர் லோடு ஓட்டியதில் மூன்று வாரம் விட்டுப்போனது.

"விட்டதை எல்லாம் சேர்த்து ஒண்ணாப் போட்டுக்கறேன், கொடும்மா" என்றேன்.

"மூணு லாரி சரக்கை ஒரே லாரியில ஏத்துவீங்களாண்ணே? வாந்தி எடுத்துக்கிட்டே வண்டி ஓட்டணுமா? முதல்ல டாக்டரைப் பாருங்க."

"அப்ப வேற கடைக்குப் போறேன்."

"போங்க. அங்கயும் என்னை மாதிரி ஒருத்தி இருக்கணும்னு வேண்டிக்கறேன்."

டாக்டரிடம்தான் போனேன். குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார். சீட்டோடு கடைக்குத் திரும்பி, சீட்டை வாங்க அவள் நீட்டிய உள்ளங்கையில் பாக்கி முழுவதையும் நோட்டு நோட்டாக எண்ணி வைத்தேன்.