ஏராவுக்கு அடியில் இரும்பு

எனக்குக் கல்யாணமான புதிதில், எழுபதுகளின் தொடக்கத்தில், என் கணவர் ஒரு படகு வாங்கினார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் கடல் கடலாகச் சுற்றி வந்த பழைய பாய்ப்படகு. உடம்புக்கு முடியாமல் அவர் விமானத்தில் ஊர் திரும்பிவிட, அது தூத்துக்குடிக் கரையில் சாய்ந்து கிடந்தது. படகின் அடியில் நீளமாக ஓடும் மரத்தை எங்கள் பக்கம் ஏரா என்பார்கள். அந்த ஏராவுக்குக் கீழே கனத்த இரும்பு ஒன்று பூட்டியிருந்ததாம். யாரோ அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். போல்ட் துளைகள்தான் மிச்சம்.

என் கணவர் துறைமுகத்தில் குமாஸ்தா. படகு மேல் அவருக்கு ஆசைதான் உண்டு, அனுபவம் கிடையாது. துளைகளை மரச்சக்கையால் அடைத்து, உள்ளே மணல் மூட்டைகளை அடுக்கிப் பாய் விரித்தார். காற்றில் படகு சாய்ந்ததும் மூட்டைகளும் அதே பக்கம் சரிந்தன. படகு கவிழ்ந்தது. தோணிக்காரர்கள்தான் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள்.

சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தவர் தலையைக்கூடத் துவட்டவில்லை. "பாரம் உள்ள கிடந்தா பத்தாது. ஏராவோட சேத்துக் கீழ பூட்டணும். அப்பதான் சாஞ்சாலும் இழுத்து நிமுத்தும்" என்றார். "இரும்பு வார்க்கணும்."

உப்பளப் பம்புகளுக்கு வார்ப்பு வேலை செய்யும் பட்டறை ஒன்று ஊரில் இருந்தது. அது என் அண்ணனுடையது. சிக்கலே அதுதான். நாங்கள் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். என் கணவர் இந்து. அவரைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்று கட்டிக்கொண்ட நாளிலிருந்து அண்ணன் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

என்னையும் அழைத்துக்கொண்டு, அடி இரும்பின் மாதிரியை மரத்தில் செதுக்கி எடுத்துக்கொண்டு, என் கணவர் பட்டறைக்குப் போனார். அண்ணன் அந்தக் கட்டையைத் தடவிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்:

"ஏளா, என் உலையில அம்புட்டு இரும்பும் ஒரேயடியா உருகாது. மூணு துண்டா வார்க்கட்டுமான்னு அவருட்ட கேளு."

அவர் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். "சரின்னு சொல்லு. ஆனா துண்டுக நடுவுல இடைவெளி இருக்கக்கூடாதுன்னு சொல்லு" என்றார் அவரும் என்னிடமே.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "ரெண்டு பேருக்கும் காது கேக்கும்லா?" என்றேன். அண்ணன் அளவுகோலை எடுத்துக் கட்டையை அளக்கத் தொடங்கினான்.

வேலையில் மட்டும் அண்ணன் குறை வைக்கவில்லை. மண் அச்சில் உருகிய இரும்பை ஊற்றும்போது தானே பக்கத்தில் நின்றான். ஒரு துண்டில் குமிழி விழுந்திருந்தது. யாரும் கேட்காமலே அதை உடைத்துப்போட்டு மறுபடி வார்த்தான். தோணி தச்சர்கள் படகைத் தூக்கி நிறுத்தி, புது போல்ட்டுகளைப் போட்டு இரும்பை ஏராவோடு இறுக்கினார்கள்.

கடலில் இறக்கிய அன்று அண்ணனும் கரைக்கு வந்திருந்தான். "நீயும் ஏறுதியாண்ணே?" என்று கேட்டேன். "என் வார்ப்பு நிக்குதான்னு பாக்கணும்லா" என்று சொல்லிவிட்டு ஏறினான்.

முயல் தீவுப் பக்கம் திரும்பியபோது மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பாயில் பலமாக அறைந்தது. படகு ஒரேயடியாகச் சாய்ந்தது. அண்ணன் என் கணவரின் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மாப்ள, கவுந்துராதே?"

"கவுறாது மச்சான். கீழ உங்க இரும்புலா கிடக்கு!"

சாய்ந்த படகு மேற்கொண்டு சாயவில்லை. காற்று தணிந்ததும் மெல்ல நிமிர்ந்தது. அண்ணன் பிடித்த கையை எடுக்காமலே எட்டித் தண்ணீரைப் பார்த்தான். என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று இருவரிடமும் சொன்னேன்.

அன்று மத்தியானம் அண்ணன் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தான். என் கணவரின் வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு, மீன்குழம்பை இரண்டாவது தடவையும் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் மதினியையும் பிள்ளைகளையும் கூட்டி வருவதாகவும், படகிலேயே மணப்பாடு வரை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னான்.