மூக்கைத் தூக்கி நின்ற ராக்கெட்டு

அதை ஆட்டினால் உள்ளே ஏதோ உருளும். காலி டப்பாவுக்குள் கூழாங்கல் விழுந்து கிடப்பதைப் போல ஒரு சத்தம். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் செய்த விண்கலம், ஒரு சாண் நீளம். இறக்கை உண்டு, வால் உண்டு, வயிற்றுக்குக் கீழே மூன்று சக்கரங்களும் உண்டு. ஆனால் முன்சக்கரம் தரையைத் தொட்டதே இல்லை. வாலில் உட்கார்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு, யாரையோ முறைப்பது போல நிற்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ராக்கெட்டு. முன்பு மலேசியாவின் குளுவாங் ஊரில் கண்ணாடி அலமாரிக்குள் நின்றது, இப்போது பாசிர் கூடாங்கில் என் வீட்டு அலமாரியில் நிற்கிறது. அத்தை எங்கே குடி போனாலும் அதுவும் கூடவே போகும். ஆசையால் அல்ல. சாட்சிப் பொருளை யாராவது தூக்கிப் போடுவார்களா?

நான் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்குகிறவள். எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில், தொட்டியிலிருந்து எடுத்து வரும் எண்ணெயைச் சோதிப்பது என் வேலை. ‘சுத்தமானது’ என்று புட்டியில் ஒட்டியிருந்தால் முதலில் அந்த ஒட்டுச்சீட்டைத்தான் நம்ப மாட்டேன். படிப்பினால் வந்த குணம் என்று என் மேலதிகாரி நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு என்ன தெரியும், நான் அத்தை கையால் சோறு தின்று வளர்ந்தவள்.

மாமா என் அம்மாவின் அண்ணன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டர். வாரம் முழுக்க அங்கே தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்கால ரயிலில் குளுவாங் வந்து இறங்குவார். அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டிலேயே இருந்ததால் எனக்கு அம்மா பாதி, அத்தை பாதி. மாமாவின் பையை அவிழ்ப்பதுதான் எங்கள் வாரத்தின் திருவிழா. ஒரு விஷயம் மட்டும் எப்போதும் சிரிப்பாக இருக்கும். அவர் கொண்டு வரும் எந்தப் பொருளும் புதிதாக இருக்காது. புது வாணலியின் அடியைக் கரியாக்கிக் கொண்டு வருவார். புதுச் சட்டையை நனைத்துக் கசக்கிக் கொண்டு வருவார். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டே வருவார். கஸ்டம்ஸ்காரர் கண்ணுக்குப் புழங்கிய பொருளாகத் தெரிந்தால்தான் வரி கேட்டுப் பிடித்துவைக்க மாட்டார். சிங்கப்பூர்ப் பாலம் தாண்டி வேலைக்குப் போன எல்லாரும் அன்று அப்படித்தான் செய்தார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் முதல் ராக்கெட்டு வந்தது. பாதி ஒட்டியும், பாதி பிஸ்கட் டின்னுக்குள் துண்டு துண்டாகவும் கிடந்தது. மறுநாள் காலை தோசைக்குப் பிறகு பாயை விரித்து, மாமாவும் நானும் மீதியை ஒட்டினோம். “என் விரலு தடி பாப்பா, இதுக்கெல்லாம் வராது. நீயே ஒட்டு” என்பார். பசையின் வாடை மூக்கில் ஏற, இறக்கையும் வாலும் என் கையால் பொருந்தும்போது, அந்தப் பாய் தரையை விட்டு எழும்புவது போல இருக்கும். அதன் பிறகு வேறு வேறு விண்கலங்கள் வந்தன. எல்லாமே பாதி செய்தவை. உள்ளே இருக்கும் நாற்காலி, விமானி, மூக்குப் பகுதி எல்லாம் அங்கேயே ஒட்டி முடிந்திருக்கும்.

அத்தைக்குத்தான் முதலில் பொறி தட்டியது. ஒரு நாள் அலமாரியருகே நின்று ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். விமானி என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னவன். அவனுடைய தலைக்கவசத்துக்குக்கூட வண்ணம் பூசியிருந்தது.

“பாதிய யாரு செஞ்சது?” என்று கேட்டாள்.

“நான்தான். வேற யாரு?” என்றார் மாமா.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் தடித்த விரல் என்று அவரே தன் வாயால் சொன்னதை அத்தை கேட்டிருக்கிறாள். இந்த விரல் அந்தப் பொடி வேலையைச் செய்யுமா? செய்யாது என்றால் செய்தது யார்? அங்கே ஒரு பிள்ளை வார நாட்களில் பாதி செய்து விளையாடுகிறது, மிச்சம் இங்கே வருகிறது. பிள்ளை இருந்தால் பிள்ளைக்குத் தாயும் இருப்பாள். அத்தையின் கணக்கு இப்படித்தான் ஓடியது. அம்மாவிடம் அடுப்படியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், “நெருப்பில்லாம புகையுமா? பாதி அங்க, பாதி இங்க. ராக்கெட்டு மட்டுமா அப்படி?” அம்மா, “சும்மா இருங்க அண்ணி, எங்கண்ணன் அப்படிப்பட்டவரு இல்ல” என்றாள். சொன்ன வேகத்திலேயே அவளுக்கும் நிச்சயமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு வேறு ஓர் எரிச்சல். அந்தப் பிள்ளை முதலில் விளையாடிவிட்டு எனக்கு மிச்சத்தைத் தள்ளுகிறதே என்று. கடைசியாக வந்த ராக்கெட்டில் உள்ளே ஏதோ உருண்டது. ஒட்டி முடித்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒழுங்காகச் செய்யத் தெரியாத பிள்ளை என்று மனத்துக்குள் திட்டினேன். அதற்கு நான் ஒரு முகமும் கொடுத்திருந்தேன், எலி வால் சடை, முன்பல் இரண்டு இல்லை. அத்தை அந்த ராக்கெட்டை அடிக்கடி காதருகே வைத்து ஆட்டுவாள். வைத்தியர் நெஞ்சைக் கேட்பது போலக் கேட்பாள். கேட்க வேண்டியவரிடம் மட்டும் அவள் கேட்கவே இல்லை.

பிறகு ஒரு தீபாவளி முடிந்து, “சிங்கப்பூர் வேலை வேணாம். இங்கயே ஏதாச்சும் பாருங்க” என்றாள். மாமா ஏன் என்று கேட்கவில்லை. சரி என்றார். எண்ணெய்ப்பனை ஆலையின் பட்டறையில் சேர்ந்தார். குற்றமில்லாதவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டானா என்று அதையும் அத்தை சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டாள். ராக்கெட்டுகள் நின்றுபோயின. ஒரே கூரைக்குக் கீழே இருவரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். சோறு போடுவாள், சட்டை துவைப்பாள், காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பாள். சிரித்துப் பேசி மட்டும் நான் பார்க்கவில்லை. மாமா இறந்த அன்று, ஒப்பாரிக்கு நடுவிலும் அவள் கண் வாசலிலேயே இருந்தது. நானும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிமுகமில்லாத ஒரு பெண், கூட ஒரு பிள்ளை வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை. “வரலைன்னா இல்லைன்னு அர்த்தமா?” என்று கருமாதி முடிந்து அத்தை கேட்டாள்.

போன மாதம் ஜோகூர் பாருவில் ஒரு பேரங்காடிக்குப் போனேன். விளையாட்டுப் பொருள் கடைக் கண்ணாடிக்குள் அதே விண்கலம், பெரிய பளபளக்கும் பெட்டியில். என்ன நினைத்தேனோ, வாங்கிவிட்டேன். “அலமாக், இந்த வயசுல இது எதுக்கு லா?” என்று மலாய் கலந்து அங்கலாய்த்தாள் என்னுடன் வந்த தோழி. பெட்டியை முழுசாக, புதிதாக, யாருக்கும் பயப்படாமல் வாங்குவது எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் வாங்கினேன் போலிருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் பிரித்தேன். ஒவ்வொரு துண்டும் சட்டத்தில் ஒட்டி, பக்கத்தில் எண்ணோடு இருந்தது. படம் போட்ட வழிமுறைத் தாளும் இருந்தது. அத்தை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் நாற்காலி, விமானி, உள் வேலை. இடுக்கி இல்லாமல் ஆகவில்லை. கழுத்து வலித்தது, கண் பூத்தது. வெளியே தெரியாத, யாரும் பார்த்துப் பாராட்டாத சள்ளை பிடித்த வேலை. சிறு பிள்ளை எதுவும் இதில் பத்து நிமிஷம் உட்காராது. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக எலி வால் சடைக்காரியின் மேலேயே சந்தேகம் வந்தது.

தாளில் அடுத்த படம், மூடுவதற்கு முன் மூக்குக்குள் கனமாக ஏதாவது வைத்து ஒட்டச் சொன்னது. இல்லாவிட்டால் பின்பாரத்தில் வாலில் உட்கார்ந்துவிடுமாம். நான் எழுந்து போய் பழைய ராக்கெட்டை எடுத்து வந்தேன். மெல்லிய கத்தியை ஒட்டின கோட்டில் விட்டுத் திருகினேன். பசை காய்ந்து கிடந்ததால் சட்டென்று பிளந்தது. உள்ளேயிருந்து மேசையில் உருண்டு விழுந்தது ஓர் இரும்புத் துண்டு. வெல்டிங் கம்பியை வெட்டி, பிளாஸ்டிக்கைக் கீறாமல் இருக்க இரு முனையையும் தேய்த்து மழுக்கியிருந்தது. மூக்குக்குள் அது ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தழும்பு இருந்தது. ரயில் குலுக்கலில் கழன்றிருக்க வேண்டும்.

அத்தை அதைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் விரலால் உருட்டினாள்.

“அவரு கம்பிதான். சட்டைப் பையில கெடக்கும். தொவைக்கறப்ப எத்தன வாட்டி எடுத்துப் போட்டிருக்கேன்.” பிறகு பழைய குரலில், “சரி, அவரே செஞ்சதுன்னே வச்சுக்குவோம். பாதிய ஏன் அங்கயே செய்யணும்? அப்படியே கொண்டாந்திருக்கலாம்ல?” என்றாள்.

நான் புதுப் பெட்டியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். “இவ்வளவு பெரிய பெட்டியோட வந்தா கஸ்டம்ஸ்ல விடுவாங்களா அத்தை?”

அவள் பெட்டியைப் பார்த்தாள். முகத்தில் என்னவோ நகர்ந்தது.

“ஒரு வாட்டி இஸ்திரிப் பெட்டி வாங்கிட்டு வந்தாரு. டப்பாவோட. பிடிச்சு வச்சுக்கிட்டாங்க. ரயிலையும் விட்டுட்டு, வெறுங்கையோட வந்து நின்னாரு. நான்தான் கத்துனேன். ‘புதுச யாராச்சும் புதுசாக் கொண்டாருவாங்களா? பிரிச்சு, பாதி பொழங்குன மாதிரி ஆக்கிக் கொண்டாரத் தெரியாதா?’ன்னு.” பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். “நான்தான்மா சொன்னேன்.”

வாணலிக்குக் கரி பூசிய மனிதர் ராக்கெட்டை என்ன செய்வார்? பாதி ஒட்டினார். சலிப்பான பாதியைத் தனக்கு எடுத்துக்கொண்டு, இறக்கையையும் வாலையும் எனக்கு விட்டுவைத்தார். தடி விரல் என்றது எனக்காகச் சொன்ன பொய். அந்தப் பொய்தான் அவரைக் கவிழ்த்தது. ஆய்வுக்கூடத்தில் இதை நிரூபணம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது ஆய்வுக்கூடம் இல்லை.

“ஏன்மா அவரு சொல்லல?” என்று அத்தை கேட்டாள்.

“நீங்க கேக்கலியே அத்தை.”

அழவில்லை. முந்தானையால் மேசையைத் துடைத்தாள், அழுக்கே இல்லாத இடத்தில். புது விண்கலத்தை நான் முடித்தேன். கனம் வைத்ததால் மூன்று சக்கரத்திலும் சமமாக நின்றது. பழையதையும் அப்படியே சரி செய்துவிடலாமென்று கம்பித் துண்டை எடுத்துப் பசையைத் திறந்தேன்.

“ஒட்டிட்டா சத்தம் வராதா?”

“வராது அத்தை. நேரா நிக்கும்.”

“அப்ப ஒட்டாத. சும்மா உள்ள போட்டு மூடு.”

போட்டு மூடினேன். இரண்டும் இப்போது அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. புதியது அடக்கமாகவும், பழையது மூக்கைத் தூக்கிக்கொண்டும். ஆனால் ஷிப்டு முடிந்து நான் வீடு திரும்பும்போது பழையது வைத்த இடத்தில் இருப்பதில்லை. ஒரு நாள் வலப்பக்கம் திரும்பியிருக்கும், ஒரு நாள் கண்ணாடியோரம் நகர்ந்திருக்கும். என் குணம்தான் தெரியுமே, கவனித்துக்கொண்டே வந்தேன். கேட்காமல் விட்டது இந்த வீட்டுக்குப் போதும் என்று நேற்றுக் கேட்டுவிட்டேன்.

“அத்தை, ராக்கெட்ட ஆட்டிப் பாத்தீங்களா?”

“ஆமாம்மா” என்றாள். “இருக்காரான்னு பாத்தேன்.”