பாண்டியன் ஹோட்டலுக்குப் போன ஞாயிறு

போன மாதம் ஒருநாள் காலை. பால் பாக்கெட்டோடு படியேறிக்கொண்டிருந்தேன். மேல் வீட்டுச் செண்பகம் பாதிப் படியில் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, ஒரு நல்ல ஹோட்டல் சொல்லுங்க."

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பத்திரிகையில் இந்தப் பத்தியை எழுத ஆரம்பித்ததிலிருந்து என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி இந்த ரகம்தான். ஏற்காட்டில் வெந்நீர் ஒழுங்காக வருகிற லாட்ஜ் எது? ஒகேனக்கல்லில் மீனை நம்பிச் சாப்பிடலாமா? பெங்களூர் போய்ப் படம் பார்ப்பதா, டிவிடி எடுத்து வீட்டிலேயே பார்த்துவிடுவதா?

ஓசூர் அப்படிப்பட்ட ஊர். ஆறு நாள் ஷிஃப்ட். ஏழாவது நாளை என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிற ஊர். முக்கால்வாசிப் பேர் வெளியூர்க்காரர்கள். இடம் சொல்ல மாமனோ சித்தப்பாவோ பக்கத்தில் கிடையாது. அதனால் என்னைக் கேட்கிறார்கள்.

ஆனால் செண்பகம் அடுத்துச் சொன்னது வேறு மாதிரி இருந்தது.

"ருசி முன்ன பின்ன இருந்தாலும் பரவால்லக்கா. நாலு பேரு திரும்பிப் பாக்காத ஹோட்டலா இருக்கணும்."

யாருக்காகக் கேட்கிறாள் என்று புரிந்துவிட்டது. அவள் கணவர் பாண்டியனுக்காக. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

பாண்டியனைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாத்தூர்ப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். தகட்டை மெஷினுக்குள் வைத்து, அழுத்தி, எடுக்கிற வேலை. சாப்பாட்டுப் பிரியர் என்றால் சாதாரணப் பிரியர் இல்லை. ஞாயிறானால் செண்பகத்தைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். சூளகிரி, கிருஷ்ணகிரி, எல்லை தாண்டி அத்திப்பள்ளி... எந்தக் கடையில் எத்தனை மணிக்குப் பரோட்டா சூடாகக் கிடைக்கும், எந்த மெஸ்ஸில் சமையல்காரர் மாறிவிட்டார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்தப் பத்தியில் நான் பெருமையாக எழுதி, நீங்கள் பாராட்டிக் கடிதம் போட்ட பல கடைகள் அவர் காட்டியவைதான்.

போன வருடம் அந்த பிரஸ் அவர் வலது கையை வாங்கிவிட்டது. நான்கு விரல்கள். கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

எங்கள் ஊரில் டவுன் பஸ்ஸில் ஏறினால், கம்பியைப் பிடித்திருக்கிற கைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பாண்டியன் ஒருவர் மட்டும் இல்லை என்று தெரியும்.

கம்பெனியில் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டார். சட்டைப் பட்டன் போடக் கற்றுக்கொண்டார். ஸ்பூன் பிடித்துச் சாப்பிடவும் கற்றுக்கொண்டார் — ஆனால் வீட்டில் மட்டும். அதுவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து. யாராவது கதவைத் தட்டினால் தட்டை அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாராம். கல்யாணங்களுக்குப் போவார், மொய் எழுதுவார், பந்திக்கு முன்னாலேயே நழுவிவிடுவார். கூப்பிட்டவர்களுக்கு வருத்தம். அவருக்கு அதைவிட வருத்தம்.

"பீச்சாங்கையால திங்கிறவன் பக்கத்துல எவன் உக்காருவான்?" — இதுதான் அவர் செண்பகத்திடம் திரும்பத் திரும்பச் சொல்வது.

இப்போது என்ன அவசரம்? அவருடைய தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா இல்லாத வீடு. அண்ணன்தான் எல்லாம். மாப்பிள்ளை வீட்டாரோடு சம்பந்திப் பந்தியில் உட்கார வேண்டியவர் அவர். அவரோ, தாலி கட்டியதும் பஸ் ஏறிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் சாப்பிடாமல் போனால் மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள்? அந்தப் பெண்தான் போகிற இடத்தில் என்ன பதில் சொல்வாள்? செண்பகத்துக்கு அதே கவலை. இங்கே, தெரியாத மனிதர்கள் மத்தியில் ஒரு தடவை சாப்பிட்டுவிட்டால் அங்கேயும் உட்கார்ந்துவிடுவார் என்று ஒரு கணக்கு.

நான் யோசித்தேன். கிருஷ்ணகிரிக்குக் கொஞ்சம் முன்னால், ஹைவேயில் ஒரு பெரிய ஹோட்டல். ஃபேமிலி ரூம் இருக்கிறது. மரத் தடுப்பு, திரைச்சீலை. உள்ளே உட்கார்ந்து திரையை இழுத்துவிட்டால் யாரும் பார்க்க முடியாது. சர்வர்களும் மரியாதையானவர்கள். நாங்களும் வருகிறோம் என்றேன். என் கணவர் பழைய காரைத் துடைத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. நாலு வழிச்சாலை வேலையில் அங்கங்கே மண் குவியல், டைவர்ஷன். மாம்பழ சீசன் வேறு. வழியெல்லாம் கூடை கூடையாக மாம்பழம். முன்பானால் பாண்டியன் ரெண்டு இடத்திலாவது காரை நிறுத்தச் சொல்லி, மோந்து பார்த்து, விலை பேசியிருப்பார். அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எங்கேயும் நிறுத்தச் சொல்லாமல் வந்தார். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்.

ஹோட்டல் வாசலில் பெங்களூர்க் கார்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாரும் ஏற்காடு போகிறவர்கள். ஃபேமிலி ரூம் முழுக்க நிரம்பிவிட்டது. ஒரு மணி நேரமாவது ஆகும், ஹாலில் வேண்டுமானால் இடம் இருக்கிறது என்றார் சூப்பர்வைசர்.

நான் செண்பகத்தைப் பார்த்தேன். செண்பகம் தரையைப் பார்த்தாள். திரும்பிவிடலாம் என்று என் கணவர் வாயெடுப்பதற்குள் பாண்டியனே சொன்னார்.

"ஹால்லயே உக்காருவோம்ண்ணே. வந்தாச்சுல்ல."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்?

நடுவில் ஒரு மேஜை. இலை போட்டார்கள். பொரியல், கூட்டு, சோறு, சாம்பார். பாண்டியன் மெதுவாக ஸ்பூன் கேட்டார். சர்வர் கொண்டுவந்தார். ஸ்பூனை வாங்குகிற நேரத்தில் இலை சறுக்கியது. அதைப் பிடிக்க வலது கை தானாக வெளியே வந்தது. சர்வர் பார்த்துவிட்டார்.

மெஷினில் போனதா என்று விசாரித்தார். பாண்டியன் தலையாட்டினார். சர்வர் 'ச்சு' கொட்டிவிட்டு உள்ளே போனார்.

அதற்கப்புறம் நடந்ததில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் சங்கடமே. சமையல்கட்டு வாசலில் ஒரு தலை, அப்புறம் இன்னொரு தலை. ஒருவர் கேட்காமலே இரண்டாவது கப் பாயசம் வைத்தார். இன்னொருவர் பாண்டியனின் அப்பளத்தை எடுத்து, நொறுக்கி, அவர் சோற்றின் மேல் தூவினார். குழந்தைக்குச் செய்வது போல. எங்கள் மேஜையில் அவர் ஒருவருக்கு மட்டும்.

பாண்டியன் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

கடைசியில் முதலாளியே வந்தார். வயதானவர். நல்ல முகம். கை கூப்பினார்.

"சாப்பிடுங்க, நிதானமா சாப்பிடுங்க. பில்லு வேணாங்க. உங்களை மாதிரி ஆளுங்ககிட்ட வாங்கி நான் என்னத்த கட்டிக்கப் போறேன்?"

பக்கத்து மேஜைகள் எல்லாம் திரும்பின. பாண்டியன் எழுந்தார். பாதிச் சோறு இருக்க இலையை இடது கையால் மடித்தார். பாக்கெட்டிலிருந்து பணத்தை எடுத்து முதலாளி முன்னால் மேஜையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"காசு வாங்காம சோறு போட்டா அது ஹோட்டல் இல்லண்ணே, சத்திரம். நான் சத்திரத்துக்கு வரல."

வெளியே நடந்துவிட்டார்.

முதலாளி பாவம், அப்படியே நின்றுவிட்டார். அவர் மனதில் கெட்டது எதுவும் இல்லை. என்ன தப்பு செய்தோம் என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

காரில் செண்பகம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். என்னால்தான் இதெல்லாம், என் தலையில்தான் இந்த ஆசை வந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு பாண்டியன் பேசினார். சர்வர்களைப் பற்றி இல்லை. முதலாளியைப் பற்றியும் இல்லை.

"நீங்களும் அண்ணனும் இலையை விட்டுத் தலையே தூக்கலக்கா. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக் குனிந்தே சாப்பிட்டிருந்தேன். அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

என் கணவர் வண்டியைக் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் திருப்பினார். வீட்டுக்குப் போகிற முகம் யாருக்கும் இல்லை. கொஞ்சம் தண்ணீரையாவது பார்ப்போம் என்றுதான்.

அணைக்கு முன்னால் வரிசையாக மீன் வறுக்கிற கடைகள். உங்களில் பலர் போயிருப்பீர்கள். மசாலா தடவி அடுக்கிய மீன், பெரிய சட்டி, புகை, கூட்டம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறோம் அல்லவா... எல்லாருக்கும் பசி. யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. நான் போய் நாலு தட்டு வாங்கி வந்து மதகுப் பக்கம் கட்டைச் சுவரில் வைத்தேன்.

பாண்டியன் ஒரு துண்டை இடது கையால் பிய்த்து வாயில் போட்டார். முகம் மாறியது. தட்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"எண்ணெய் பழசு. உள்ள வேகவே இல்ல. இதைப் போயி வாங்கிட்டு வந்திருக்கீங்களே."

சொல்லிக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். இன்னொரு ரகளையா? என்ன ஆகுமோ?

கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். பக்கத்துக் கடைக்காரியோடு தெலுங்கில் பேசிக்கொண்டே சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பாண்டியன் தட்டை அவள் முன்னால் நீட்டி, இது நேற்றைய எண்ணெயா என்றார். காலையில் ஊற்றியது என்றாள். வாசனையே சொல்லுதே என்றார். உனக்குத்தான் சளி என்றாள். அவர் விடவில்லை. மீனைப் பிட்டுக் காட்டினார். உள்ளே சிவப்பு.

அப்போதுதான் கவனித்தேன். தட்டு சாயாமல் அடியில் தாங்கிக்கொண்டிருந்தது அவருடைய வலது கை. அது வெளியே இருப்பதையே அவர் மறந்துவிட்டார்.

கடைக்காரி மறக்கவில்லை. பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள்.

"கை எதுல போச்சு?"

"பிரஸ்ஸுல."

"சரி, தள்ளி நில்லுண்ணா, எண்ணெ தெறிக்கும். திரும்பப் போட்டுத் தர்றேன். ஆனா மசாலா எச்சா வேணும்னு கேக்காதே."

மீனைத் திரும்பச் சட்டியில் போட்டாள். வெந்ததும் தட்டில் போட்டுக் கொடுத்தாள். பாண்டியன் சுடச்சுட ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டு, இப்போது சரி, ஆனால் முதலில் கொடுத்தது சாப்பிடவே முடியவில்லை, அதற்குக் காசைக் குறைத்துக்கொள் என்றார்.

அவள் சிரிக்கக்கூட இல்லை. தின்ன மீனுக்குக் காசு குடுக்க வலிக்குதா என்று கேட்டாள். அடுத்த ஆளுக்கு மீன் எடுக்கத் திரும்பிவிட்டாள்.

பாண்டியன் திரும்பி வந்தார். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என்ன வாய், என்ன வாய் என்று தலையாட்டினார். கட்டைச் சுவரில், தண்ணீரைப் பார்த்து இல்லை, எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். மீனை முள் எடுத்து எடுத்துத் தின்றார். தாடையில் மசாலா ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளச் சொன்னேன். குனியாமல் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். துடைத்துக்கொண்டார். செண்பகம் தன் தட்டிலிருந்த பெரிய துண்டை அவர் தட்டுக்கு மாற்றினாள்.

ஹோட்டல் முதலாளி நல்லவர். மீன் கடைக்காரி நல்லவளா என்று எனக்குத் தெரியாது. முதலாளி அவரிடம் ஒரு கையைப் பார்த்தார். இவள் ஒரு தொல்லை பிடித்த கஸ்டமரைப் பார்த்தாள். பாண்டியனுக்குப் பசித்திருந்தது அதற்குத்தானோ என்னவோ.

இதெல்லாம் நடந்ததால் மறுநாளே அவர் மாறிவிட்டார் என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். மறுநாளும் வீட்டில் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிட்டாராம். கல்யாணத்துக்குக் கிளம்புகிற அன்றும், பந்தி விஷயம் மட்டும் பேசாதே என்றுதான் செண்பகத்திடம் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் சாத்தூரிலிருந்து செண்பகம் போன் செய்தாள். பின்னால் நாதஸ்வரம், பாத்திரச் சத்தம். பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. தாலி கட்டியதும் பாண்டியன் பையைத் தூக்கிவிட்டாராம். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அப்பா இவர் தோளில் கை போட்டு, என்ன சம்பந்தி அவசரம் என்று பந்திக்கு இழுத்துப் போய்விட்டாராம். வேறு வழியில்லை. உட்கார்ந்தார். ஸ்பூன் கேட்டார். இடது கையால் சாப்பிட ஆரம்பித்தார்.

பக்கத்து இலையில் மாப்பிள்ளைக்கு அத்தை. காது கொஞ்சம் மந்தம், அதனால் குரல் பெரிசு. என்னய்யா பீச்சாங்கையால திங்கிற என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறார்.

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த செண்பகத்துக்கு உயிரே நின்றுவிட்டதாம். பாண்டியன் வலது கையைத் தூக்கி இலைக்கு மேலே காட்டியிருக்கிறார்.

"இதுதான் மிச்சம் இருக்கு அத்தை."

அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாராம். பந்தியே பார்த்ததாம்.

"அப்ப சரி. அந்தத் தண்ணிச் செம்ப இங்கிட்டுத் தள்ளு" என்றாராம்.

பாண்டியன் தள்ளியிருக்கிறார். மோர் வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது செண்பகம் அழுதாளா, சிரித்தாளா... அந்த நாதஸ்வரச் சத்தத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இந்த ஞாயிறு எந்த ஹோட்டலுக்குப் போகலாம் என்று கேட்டு எழுதியிருக்கும் வாசகர்களுக்கு: எங்கே வேண்டுமானாலும் போங்கள்... அந்த அத்தை மாதிரி ஒருவர் பக்கத்தில் இடம் கிடைத்தால், தயங்காமல் உட்கார்ந்துவிடுங்கள்.