ஒரே ஒரு அளவையியல் கொப்பி

எழுதும் கொப்பி கிடைக்காத காலம் அது. பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்றோம். உயர்தரப் பரீட்சைக்கு நானும் என் சிநேகிதனும் பள்ளிக்கூடம் வழியாக இல்லாமல் தனியாக விண்ணப்பித்திருந்தோம். அவன் தெமோதரைத் தேயிலைத் தோட்டம், நான் லுணுகலைப் பக்கம். தமிழ், புவியியல், அரசியல், தர்க்கம் படிக்கும் அளவையியல் என்று நான்கு பாடங்களுக்கும் சேர்த்து எங்களிடம் இருந்தவை நான்கே கொப்பிகள். அவன் பள்ளிக்கூடம் முழுக்கப் போனவன். குறிப்புகள் எல்லாம் அவன் எழுதியவை. நான் இடையில் இரண்டு வருடம் லொறியில் கிளீனராகச் சுற்றிவிட்டு வந்தவன்.

ஆளுக்கு இரண்டு கொப்பி. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாற்றிக்கொள்வோம். பசறையில் ஒரு முஸ்லிம் நானாவின் பலசரக்குக் கடை. பருப்பு மூட்டைக்குப் பின்னால் என்னுடையதை வைத்துவிட்டு அவனுடையதை எடுத்துவருவேன். ஒருவரையொருவர் தேடிப் போகக் கூடாது, கொப்பிதான் போய்வர வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். பஸ்ஸில் வீணாகும் நேரத்தில் ஒரு பாடமே படித்துவிடலாம் என்பான்.

பரீட்சையில் முதல் பாடம் அளவையியல், திங்கட்கிழமை. மற்ற மூன்றையும் நான் ஓரளவு மனப்பாடம் செய்திருந்தேன். அளவையியல் மட்டும் ஏறவில்லை. ஒன்றில் தவறினாலும் பல்கலைக்கழகம் இல்லை. அந்தக் கொப்பி அவனிடம் இருந்தது. ஞாயிறுவரை பொறுத்திருந்தால் கைக்கு வந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலை லயத்து வீட்டில் உட்கார முடியவில்லை. கையிலிருந்த புவியியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பசறைக்கு மேலே ஒரு வளைவில் எங்கள் பஸ் ஒதுங்கி எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டது. நான் கொப்பியிலிருந்து தலை நிமிரவில்லை.

தெமோதரையில் அவன் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயோ தம்பி, அவன் ஒன்னயத் தேடித்தான் லுணுகலைக்குப் போயிருக்கான். ஏதோ கொப்பி அவசரமா வேணுமாம்ல ஒனக்கு?"

அன்று திரும்ப பஸ் இல்லை. சனிக்கிழமை விடிந்ததும் ஓடினேன். வீட்டுக்குப் போனால் என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ராத்திரி பூரா இங்கதான் இருந்தான். நீ அவன் வீட்டுல இருப்பன்னு வெள்ளென கெளம்பிட்டான். ஒரு நாளு காலைக் கட்டிக்கிட்டு இருக்கத் தெரியாதா ஒனக்கு?"

"கொப்பிய வச்சிட்டுப் போனானா?"

"கையிலதான் குடுப்பேன்னு கொண்டு போயிட்டான்."

ஞாயிற்றுக்கிழமை சட்டப்படி பசறைக் கடைக்குப் போனேன். மூட்டைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கடைக்கார நானா சிரித்தார்.

"நேத்து இந்த வழியாத்தான் போனாரு. வெச்சிட்டுப் போங்கன்னேன், கேக்கல. ரெண்டு பேரும் பஸ்ஸுக்குத்தான் சோதனை எழுதுறீங்க போல."

சாயங்காலம்வரை கடை வாசலில் கிடந்தேன். அவன் வரவில்லை. மறுபடி நான் வருவேன் என்று அவன் அன்றைக்கு மட்டும் வீட்டைவிட்டு நகரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

திங்கள் காலை பதுளையில் பரீட்சை மண்டப வாசலில் நின்றான். கையில் கொப்பி. அட்டை கசங்கியிருந்தது.

"ரெண்டு நாளா இதத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். தொறந்தே பாக்கலடா" என்றான். "நீ ஏன்டா வெளிய கெளம்பின?"

"நீ ஏன் கெளம்பின?"

"நீ சும்மா இருக்க மாட்டன்னு தெரியும். அதான்."

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. மதிலோரம் நின்று அவன் வாசித்தான், நான் கேட்டேன். இரண்டு பக்கம்தான் தாண்டியது.

அவனுக்குப் படிக்கத் தேவையிருக்கவில்லை, எழுதியவன் அவன்தானே. நான்கிலும் தேறினான். நான் மூன்றில் தேறினேன்.

பெறுபேறு வந்த வாரம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. 'அடுத்த வருசம் இந்த ஒன்றுக்காக நான்கையும் திருப்பி எழுதணும், எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை நாலு கொப்பியையும் கொண்டு வாரேன். இந்த முறையாவது வீட்டில் இரு.'

வீட்டில் இருக்கத்தான் நினைத்தேன். சனிக்கிழமை முன்பு நான் கிளீனராக இருந்த லொறியின் டிரைவர் சந்தியில் என்னை நிறுத்தி, மட்டக்களப்புக்கு ஆள் வேண்டும் என்றார். ஏறிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது நான்கு கொப்பிகளும் அலமாரிமேல் இருந்தன. இந்த முறை அவன் வைத்துவிட்டே போயிருந்தான்.