கவுனுக்குள் இருந்த வெள்ளைத் துணி

கிராஜுவேஷன் டேக்கு முந்தின நாள் தாளாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "சாரே, போன வருஷம் மாதிரி எவனாவது மேடையில கவுனைத் திறந்து நடிகர் படம் போட்ட பனியனைக் காட்டினா, நான் உம்மளத்தான் கேப்பேன்."

தக்கலைப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான் பி.டி. மாஸ்டராக இருந்தேன். விளையாட்டுச் சொல்லிக் கொடுத்ததைவிட நின்று சோதித்ததுதான் அதிகம். சந்தேகப்படுவதற்கே எனக்குச் சம்பளம் என்றாலும் தப்பில்லை.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விதி இதுதான்: யூனிஃபார்ம், அதற்கு மேல் வாடகைக் கவுன், தலையில் நாலு மூலைத் தொப்பி. வேறு எதுவும் கூடாது. விழா அன்று மேடைப் படிக்குக் கீழே ஒரு வாளியோடு நின்றேன். கலர் வளையல், கூலிங் கிளாஸ், கட்சிக் கொடி நிறத்தில் ஒரு கர்ச்சீப் எல்லாம் அதற்குள் போயின. சிரித்துக்கொண்டு வருகிறவனைத் தடவிப் பார்த்தேன். சிரிக்காமல் வருகிறவனை இன்னும் நன்றாகத் தடவிப் பார்த்தேன்.

அகிலன் சிரிக்கவில்லை. ஒழுங்கான பையன். அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. வயிற்றுப் பக்கம் புடைத்திருந்தது. கவுனுக்குள் கையை விட்டேன். மடித்து வைத்த நீள வெள்ளைத் துணி வந்தது.

"என்னலே இது? பேனரா?"

"தலைப்பாவு சாரே. தொப்பிக்குப் பதிலா இதக் கெட்டிட்டு மேடையேறணும்."

"யாரு சொல்லி விட்டது? எந்தக் கட்சி?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நாங்க அய்யாவழி. எங்க கோயிலான தாங்கல்ல தலையில கெட்டித்தான் கும்பிடுவோம். ஒரு காலத்துல மேல்சாதிக்காரங்க எங்காளுவள தலையில துணி கெட்ட விடமாட்டாவளாம். எங்க வீட்டுல பிளஸ் டூ முடிச்ச மொத ஆளு நாந்தான். அப்பாக்கு என்னை இப்படிப் பாக்கணும்னு ஆசை."

நான் நம்பவில்லை. நம்பும்படி பேசுகிறவர்களிடம்தான் ஏமாந்திருக்கிறேன். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியான அவன் அப்பா, நெற்றியில் நாமத்தோடு, பின்வரிசையில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் மேடையில் இருந்த தாளாளரிடம் போய்க் காதோடு கேட்டேன்.

"ஒருத்தனுக்கு விட்டா நாளைக்கு ஆளுக்கொரு வேஷத்துல வருவானுவ. தொப்பி வச்சா ஏறட்டும், இல்லன்னா கீழேயே நிக்கட்டும்."

இறங்கி வந்து அப்படியே சொன்னேன். அகிலன் வாதாடவில்லை. தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "அப்போ நான் ஏறல்ல சாரே."

அந்த நேரம் மேடையில் கைதட்டல். தாளாளர் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, ஜரிகைத் தலைப்பாகை ஒன்றையும் தலையில் வைத்தார். வழக்கமான மரியாதைதான். எத்தனையோ விழாவில் பார்த்ததுதான். அன்றைக்கு மட்டும் எனக்கு எரிச்சல் வந்தது. கடையில் வாங்கி வைத்தால் மரியாதை, இவன் வீட்டிலிருந்து கொண்டுவந்தால் வேஷமா?

"கெட்டுலே" என்றேன்.

அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். "பொறவு டி.சி.யில ஏதாவது எழுதி மாட்டி விடுவியளா சாரே?"

"இல்ல மக்கா. கெட்டு."

தலைப்பாகை வைத்த விருந்தினரிடம் தலைப்பாகை கட்டிய அகிலன் சான்றிதழ் வாங்கினான். விருந்தினர் பக்கத்தில் இருந்ததால் தாளாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினார். பின்வரிசையில் அவன் அப்பா எழுந்தார். மகன் இறங்கும்வரை உட்காரவில்லை.

மறுவாரம் எனக்கு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சோதனை செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒளித்துக் கொண்டுவருகிற எல்லோரும் தப்புச் செய்ய வருவதில்லை. அகிலன் முன்கூட்டியே வந்து அனுமதி கேட்டிருந்தால், நானே முடியாது என்று விரட்டியிருப்பேன். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.