கார்செந்தாவின் நாற்பது நாள்

விடிந்ததும் கார்செந்தா சீமாட்டி மதில்மேல் ஏறி, பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே கீழே உள்ள கூடாரங்களைப் பார்த்துக் கத்துவாள்: "என்னடா, இன்னிக்கும் அதே கஞ்சியா? எங்க வீட்டுப் பன்னிகூட மூஞ்சியத் திருப்பிக்கும்!" வடக்கேயிருந்து வந்த சிலுவைப் படையாருக்கு அவள் பேச்சு பாதிதான் புரியும். மீதியை அவள் எறியும் கல் புரியவைத்துவிடும்.

வயது ஐம்பது. மோந்த்ரவேல் கோட்டைக்குச் சொந்தக்காரி. உடம்பில் மாட்டியிருப்பது செத்துப்போன கணவன் பெரங்கேரின் இரும்புச் சட்டை. அது போதாமல் பக்கவாட்டில் பிளந்து, மாட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறாள். "அவரு ஒல்லி. அதுக்கு நான் என்ன செய்ய?" என்பாள்.

மதிலுக்குப் பின்னால் பன்னிரண்டு கயிறு தொங்கும் கல்லெறி பொறி. இழுப்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். தலைக்கயிறு ரொட்டிக்காரி நவாராவுடையது. கவண் பையில் கல்லை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கார்செந்தா "இழுங்கடி!" என்றால் பன்னிரண்டு பேரும் கயிற்றோடு பொத்தென்று தரையில் உட்காருவார்கள். அவள் குறி ஆளைத் தேடாது, அண்டாவைத் தேடும். "வயிறு காஞ்சா காலு தானா வீட்டுக்குப் போயிடும்டி."

அவள் கணக்கு எளியது. நாற்பது நாள் போரிட்டால் செய்த பாவமெல்லாம் தீரும் என்று ஆயர் சொல்லி அழைத்து வந்த கூட்டம் அது. நாற்பது முடிந்தால் நடையைக் கட்டிவிடும். "நான் ஜெயிக்க வேணாம், நாளைத் தள்ளினாப் போதும். நம்ம செலவுல பாவத்தைக் கழுவிக்கிறானுங்க, ஒருத்தன் நன்றி சொல்றானா பாரு!"

நாளைத் தள்ளியது அக்காவுக்காக. ஃபப்ரீசா அக்கா கறுப்பு அங்கி உடுத்த 'நல்ல பெண்டிர்' என்னும் துறவியரில் ஒருத்தி. இறைச்சி தொடமாட்டாள், கோழிக்குஞ்சைக்கூடக் கொல்லமாட்டாள், கண்ணுக்குத் தெரியும் உலகமெல்லாம் சாத்தான் செய்த சரக்கு என்பாள். அவளைக் கொடுத்தால் கோட்டையை விட்டுவிடுவதாகத் தூது வந்தது. கொடுத்தால் மத விரோதி என்று நெருப்பில் போடுவார்கள். வந்தவன் கையில் ஒரு வெங்காயத்தைத் திணித்து அனுப்பிவிட்டாள் கார்செந்தா.

மாலையில் அக்கா கேட்பாள்: "இன்னிக்கு எத்தனை உசிரு?"

"ரெண்டு அண்டா, ஒரு கழுதைத் தொட்டி. உசிரு ஒண்ணும் இல்லக்கா."

அது பொய்யாகவும் இருக்கலாம். அக்கா மேற்கொண்டு கேட்பதில்லை.

முப்பத்தெட்டாம் நாள் 'பூனை' வந்தது. ஈரத் தோல் போர்த்திய உருளும் கொட்டகை. உள்ளே கதவை இடிக்கும் மரம். நெருப்பு பிடிக்காது, அம்பு துளைக்காது, பெருங்கல் விழுந்தால்தான் முறியும். கல்லோ தீர்ந்துபோயிருந்தது. வாசற்படிகூட அதற்கு முந்தின நாளே பறந்தாயிற்று.

"அம்மா, இனிமே எறியறதுக்கு நம்ம தலைதான் பாக்கி" என்றாள் நவாரா.

கார்செந்தா சிற்றாலயத்தின் பக்கம் திரும்பினாள். அங்கேதான் பெரங்கேரின் கல்லறை மூடி இருந்தது, முகம் செதுக்கியது.

"தூக்குங்கடி அவரை! உசிரோட இருந்தப்ப ஒரு சண்டைக்கும் போகல. எப்பக் கேட்டாலும் முதுகு வலி. இப்பவாவது போகட்டும்."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சம்மட்டியை வாங்கி முதல் அடியைத் தானே அடித்தாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

மூன்று துண்டாயிற்று. முதலாவது ஆற்றில் விழுந்தது. இரண்டாவது யாரோ ஒரு பிரபுவின் கூடாரத்தைச் சாய்த்தது. மூன்றாவது, தலைப்பக்கத் துண்டு, நேராகப் போய்ப் பூனையின் முதுகெலும்பில் இறங்கியது. உத்தரம் முறிந்து, உள்ளே இருந்தவர்கள் தலைதெறிக்க ஓடினார்கள்.

"மகராசன்! கடைசியில வீட்டுக்கு ஒரு வேலை செஞ்சாரு!" என்று குதித்தாள்.

இரண்டு நாளில் இன்னொரு பூனை கட்ட முடியாது. நாற்பதாம் நாள் மாலை கூடாரங்கள் மடிந்தன, கொடிகள் வடக்கே போயின. கதவு திறந்ததும், விட்டுப்போன பாலாடைக்கட்டிக்கும் சட்டிகளுக்கும் பெண்கள் பாய்ந்தோடினார்கள். கார்செந்தா மட்டும் உடைந்த பூனையிடம் போனாள். தோலை விலக்கி, மரச் சிம்புகளைப் புரட்டி, மண்டியிட்டுத் துழாவினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சில்லு கிடைத்தது: பாதி மூக்கு, ஒரு பக்க மீசை. எச்சில் தொட்டு முக்காட்டு நுனியால் சேற்றைத் துடைத்தாள்.

"என்னடி தேடறே?" பின்னால் அக்கா. "கல்லுலயும் மண்ணுலயும் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா. ஆணி ஏதும் கெடைக்குமான்னு பாத்தேன்."

சொல்லிக்கொண்டே கயிற்றுக் கட்டின் இடைவெளி வழியாகச் சில்லை இரும்புச் சட்டைக்குள் தள்ளி, அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.