பதிவேட்டில் செத்த பவுல்

பிளாரன்ஸுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவளுடைய அப்பா இஞ்ஞாசி ஆலந்தலையிலிருந்து தூத்துக்குடிக்கு முத்துக்குளிக்கப் போனார். திரும்பி வரவில்லை. கூடப் போன பவுல் மட்டும் பதினோராம் நாள் வந்தார். இஞ்ஞாசி கொழும்புத் தோணியில் ஏறிவிட்டதாகவும், அங்கே அவருக்கு ஒருத்தி இருப்பதாகவும் சொன்னார். ஊர் நம்பிவிட்டது. கிணற்றடியில் பிளாரன்ஸைக் கொழும்பான் மகள் என்றே கூப்பிட்டார்கள். அது பொறுக்காமல்தான் அவளுடைய அம்மா அந்தோணியம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கே குடிவந்து, உப்புக் கிட்டங்கியில் சாக்கு தைத்தாள்.

அந்தோணியம்மாள் தாலியைக் கழற்றவில்லை. புருஷன் ஆத்துமத்துக்குப் பூசை வைக்கவும் இல்லை. உயிரோடு இருக்கிறவருக்கு மரித்தோர் பூசை வைத்தால் அதுவே அவரைக் கொண்டுபோய்விடும் என்று பயந்தாள். இப்படிப் பதினெட்டு வருஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் இருமலில் இரத்தம் வந்தது. டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"ஏளா, உங்கப்பா செத்தாவளா, நம்மள விட்டுட்டுப் போனாவளா? அத மட்டும் கேட்டுச் சொல்லிரு" என்றாள் மகளிடம்.

யாரிடம் கேட்பது? பிளாரன்ஸ் நகரசபை ஆபீசுக்குப் போனாள். குமாஸ்தா ஜெபசீலன் மூன்று நாள் அலையவிட்டார். நாலாம் நாள் மனமிரங்கி, இஞ்ஞாசி காணாமல்போன வருஷத்து முத்துக்குளிப்பு முகாமின் மரணப் பதிவேட்டை இறக்கித் தூசி தட்டினார். அந்த வருஷம் முகாமில் வாந்திபேதி. செத்தவர்களை அந்த மணி நேரத்திலேயே சுண்ணாம்பு போட்டுப் புதைத்திருக்கிறார்கள். கடலில் இறங்குகிறவன் கழுத்தில் எண் போட்ட பித்தளை வில்லை ஒன்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் பெயர் எழுதினார்கள்.

ஜெபசீலன் விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தார்.

"இஞ்ஞாசின்னு ஒருத்தரும் இல்லம்மா. ஆலந்தலை ஆளு ஒருத்தர்தான். பவுல், தகப்பன் பேரு லாசர். முகாமுக்கு வடக்க, ஏழாவது குழி."

"அவுக உயிரோட இருக்காவ அண்ணாச்சி. போன மாசங்கூட எங்களுக்குக் கருவாடு குடுத்துவிட்டாவ."

"செத்தவன் குடுத்த கருவாடா? ருசியா இருந்துச்சா?"

அவர் மட்டும்தான் சிரித்தார். வில்லை பவுலுடையது. அது யார் கழுத்தில் கிடந்தது என்பது பிளாரன்ஸுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் பஸ் ஏறி ஆலந்தலைக்குப் போனாள். பவுல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஏழாவது குழி என்று அவள் சொன்னதுமே ஊசியைக் கீழே வைத்துவிட்டார். மறுக்கவில்லை. இஞ்ஞாசிக்குக் காதில் சீழ். முகாம் டாக்டர் கடலில் இறங்கக் கூடாதென்று தள்ளிவிட்டதால் அவருக்கு வில்லை கிடைக்கவில்லை. இரண்டு வீட்டிலும் பட்டினி. ஒரே வில்லையை ஒருநாள் விட்டு ஒருநாள் இருவரும் மாட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். வாந்தி கண்ட அன்று அது இஞ்ஞாசியின் முறை. நோய்க்கும், வில்லையை மாற்றிப் போட்டதற்குப் போலீஸ் பிடிக்குமென்றும் பயந்து பவுல் ஓடிவந்துவிட்டார்.

"பொம்பளயச் சேத்துச் சொன்னது எதுக்கு மாமா?"

"சும்மா போனாம்னு சொன்னா யாராவது தேடிப் போவாவளோன்னுதான்."

அவள் விடவில்லை. கையோடு தூத்துக்குடிக்குக் கூட்டிவந்தாள். பவுல் பாயின் கால்மாட்டில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். அந்தோணியம்மாள் ஏசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாவுற நேரத்துல அவுகளுக்குத் தண்ணி யாரு குடுத்தா?"

"தெரியாது மைனி. நான்தான் ஓடிட்டேனே."

அந்தோணியம்மாள் கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "எங்கிட்டச் சொன்னாக் காணாது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி நம்மூரு கோயில் வாசல்ல நின்னு சொல்லு."

பவுல் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் பிளாரன்ஸ் தாலிக் கயிற்றை அறுத்தாள். அம்மா கழுத்தில் எலும்புதான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா போய்விட்டாள்.

அவளை அடக்கம் செய்த கையோடு, ஞாயிற்றுக்கிழமை பிளாரன்ஸ் ஆலந்தலைக் கோயில் வாசலில் போய் நின்றாள். பூசை முடிந்து எல்லோரும் வந்தார்கள். பவுல் வரவில்லை. அவர் பெண்சாதி ரோஸ் மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டபடி கடைசியில் வந்தாள். பிளாரன்ஸே பேசினாள். எங்கப்பா கொழும்புக்குப் போகவில்லை என்று தொடங்கி, வில்லையையும் குழியையும் சொன்னாள். சிலர் நடந்துகொண்டே கேட்டார்கள். பவுல் வந்து சொல்லட்டும் என்றார் ஒருவர்.

"அவுக வரமாட்டாவ" என்றாள் ரோஸ். "இவ சொல்லுதது நெசந்தான். எனக்கும் தெரியும்."

நடந்தவர்கள் நின்றார்கள். யாரும் பிளாரன்ஸைப் பார்க்கவில்லை. ரோஸையும் பார்க்கவில்லை. உபதேசியார்தான் பூசைக் குறிப்பு நோட்டைத் திறந்து, மரித்தோர் பூசைக்கான பக்கத்தில் யார் பெயரை எழுத வேண்டும் என்று கேட்டார்.

"இஞ்ஞாசி" என்றாள் பிளாரன்ஸ். "அவுகள மொதல்ல எழுதுங்க. அடுத்தாப்புல அம்மா."